தியேட்டர் வேலைக்குப் புதிதா? கேபினிலிருந்து கேன்டீன் வரை தெரிந்திருக்க வேண்டியவை

சினிமா வியாபாரத்தில் நம்ம பக்கத்துக்கு டி.கே. ஏரியா என்று பெயர். திருநெல்வேலி, கன்னியாகுமரி என்பதன் சுருக்கம். இந்த ஏரியாவில் பாளையங்கோட்டை, ஜங்ஷன், டவுனை விட்டு அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் என்று நகர்ந்தால், ஒற்றைத் திரை தியேட்டரை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே நடத்துவார்கள். படம் ஓட்டுகிற ஆப்பரேட்டருக்குக் காய்ச்சல் என்றால் டிக்கெட் கிழிக்கிறவர் கேபினுக்குள், அதாவது புரொஜக்டர் அறைக்குள் போக வேண்டியிருக்கும். கேன்டீன் பையன் ஜெனரேட்டரைப் போட வேண்டியிருக்கும். அதனால் எந்த வேலைக்குச் சேர்ந்தாலும் எல்லா வேலையும் ஓரளவு தெரிந்திருப்பது நல்லது.

படம் நடுவில் நின்றால் ஆப்பரேட்டரைத்தான் திட்டுவார்கள். ஆனால் பெரும்பாலான கோளாறு முந்தின நாள் பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்றிலிருந்து வருவது. ஆகவே இங்கே ஷோ தொடங்குவதற்கு முன்னால் செய்யும் வேலைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

படம் ஏற்றுவதும் கேடிஎம்மும்

படம் இப்போது ஹார்டு டிஸ்க்கில் வரும், அல்லது சாட்டிலைட், இன்டர்நெட் வழியாக நேரே சர்வரில், அதாவது படத்தைச் சேமித்து ஓட்டும் கம்ப்யூட்டரில் இறங்கும். இரண்டரை மணி நேரப் படம் 2கே தரத்தில் 150 முதல் 200 ஜிபி வரை இருக்கலாம். பழைய யூஎஸ்பி 2 வழியாகச் சர்வரில் ஏற்ற ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். காலை 9 மணிக் காட்சிக்கு 8 மணிக்கு டிஸ்க்கைச் சொருகினால் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் மாலைக்குள் ஏற்றி முடித்து, சர்வர் செய்யும் சரிபார்ப்பு பிழையில்லாமல் முடிந்ததா என்று பார்த்துவிட வேண்டும்.

டிஸ்க் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது பெரும்பாலும் லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகினால் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாமல், 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். ஆர்வத்தில் 'ஆம்' என்று தட்டினால் படம் போயே போச்சு. டிஸ்க்கைச் சர்வரைத் தவிர வேறு எதிலும் சொருகாதீர்கள்.

படம் ஏறிவிட்டால் மட்டும் ஓடாது, அதன் பூட்டைத் திறக்கும் டிஜிட்டல் சாவியான கேடிஎம் வேண்டும். கீ என்றோ லைசென்ஸ் என்றோ சொல்வார்கள். சின்னக் கோப்புதான், மெயிலில் வந்துவிடும். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, ஒரு குறிப்பிட்ட படப் பிரதிக்கு, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை என்று பூட்டுப் போட்டு வருவது. கோளாறு வரும் இடங்கள் இவை:

நேரம். கோப்புக்குள் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம்ம நேரம். 03:30 என்று இருந்தால் காலை 9 மணி. சமீப ஆண்டுகளில் பெரிய படங்களுக்கு அரசு தரும் சிறப்புக் காட்சி அனுமதி காலை 9 மணியிலிருந்துதான் என்பதால், கேடிஎம்மும் அதை ஒட்டியே திறக்கும். முடியும் நேரத்தையும் பாருங்கள். வியாழன் நள்ளிரவோடு முடிகிற கீயை வைத்துக்கொண்டு இரவுக் காட்சி ஓட்டினால் இடைவேளைக்குப் பிறகு என்ன ஆகுமோ என்று நகம் கடிக்க வேண்டிவரும். புதுக் கீயை அன்று மதியமே கேட்டு வாங்குங்கள்.

சர்வர். சர்வீஸ்காரர் வந்து மீடியா பிளாக்கை, அதாவது படத்தின் பூட்டைத் திறந்து ஓட்டும் பலகையை மாற்றிவிட்டுப் போனால், பழைய பலகையின் சர்டிஃபிகேட்டுக்கு, அதாவது டிஜிட்டல் அடையாளத்துக்குச் செய்த கீ வேலை செய்யாது. புது சீரியல் நம்பரை அன்றைக்கே கம்பெனிக்கும் விநியோகஸ்தருக்கும் அனுப்ப வேண்டும். சர்வர் கடிகாரத்தையும் இஷ்டத்துக்குத் திருத்த முடியாது. ஆண்டுக்கு ஆறு நிமிடம் வரைதான் நகர்த்த அனுமதி.

பிரதி. தமிழ்ப் படங்களில் இது அடிக்கடி நடக்கும். படம் நீளம் என்று பேச்சு வந்தால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பத்து இருபது நிமிடத்தைக் குறைத்துப் புதுப் பிரதி அனுப்புவார்கள். அதற்குத் தனிக் கீ. விளம்பரம், படம், இடைவேளை எல்லாம் ஓடும் வரிசைதான் பிளேலிஸ்ட். பழைய பிளேலிஸ்டில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. இடைவேளை வரும் நேரமும் மாறியிருக்கும். பழைய நேரத்தில் வைத்த இடைவேளைக் குறியை விட்டுவிட்டால் சண்டைக் காட்சி நடுவில் ஹால் லைட் எரியும்.

பிளேலிஸ்ட் போடும்போது ஒவ்வொரு துண்டின் அளவையும் கவனியுங்கள். விளம்பரங்கள் பெரும்பாலும் ஃப்ளாட் அளவில், அதாவது 1.85க்கு 1 என்று வரும். படம் ஸ்கோப்பில், 2.39க்கு 1 என்று வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லென்ஸ் மாறும் குறியைப் போட மறந்தால், படம் திரைக்கு மேலும் கீழும் வழியும், அல்லது நடுவில் சுருங்கி நிற்கும். ஏற்றி முடித்ததும் நான்கு இடங்களில் ஓட்டிப் பாருங்கள்: தொடக்கம், இடைவேளைக்கு முந்திய இரண்டு நிமிடம், பிந்திய இரண்டு நிமிடம், கடைசி. சென்சார் சான்றிதழ் வருகிறதா, புகையிலை எச்சரிக்கைக் காட்சி தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி வருகிறதா என்றும் பாருங்கள். இடைவேளை முடிந்ததும் கூட்டம் கத்துகிறது என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. அது சட்டப்படி போட வேண்டியது.

விளக்கு

லேசர் புரொஜக்டர் என்றால் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். செனான் விளக்கு என்றால் இரண்டு தடவை படியுங்கள்.

செனான் பல்புக்குள் வாயு அழுத்தம் எரியாதபோதே பல மடங்கு அதிகம். எரியும்போது இன்னும் ஏறும். கீழே விழுந்தாலோ, இடித்தாலோ குண்டு வெடித்த மாதிரி சிதறும். பல்பு மாற்றும்போது முகக் கவசம், தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். இத்தனை வருஷமாகச் சும்மாதான் மாற்றுகிறேன் என்று சொல்லுகிற பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். கண்ணாடியை விரலால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, அந்த இடம் சூடேறி பல்பு பழுதாகும். பட்டுவிட்டால் சுத்தமான ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத்தான் எரிக்க வேண்டும். அணைத்த பல்பை முழுக்க ஆறிய பிறகே தொடலாம். கழற்றிய பழைய பல்பையும் அதன் உறைக்குள் போட்டே வைக்க வேண்டும். வெறுமனே மூலையில் சாத்தி வைப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று புரொஜக்டரே காட்டும். உற்பத்தியாளர் உத்தரவாதம் தந்த மணிநேரத்தைத் தாண்டினால் வெளிச்சம் குறையும், படம் மினுக்கும், வெடிக்கும் வாய்ப்பும் கூடும். ஒரு பல்பின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் உள்ளே இருக்கும் கண்ணாடியும் சேர்ந்து உடைந்தால் செலவு பல மடங்கு. திரையின் நடுவில் 14 ஃபுட்லேம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது சினிமாவின் பொது அளவு. மீட்டர் இல்லாவிட்டால் சர்வீஸ்காரர் வரும்போது அளக்கச் சொல்லிக் குறித்து வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் பல்பைக் குறை சொல்லுமுன் கேபின் ஜன்னல் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்துப் பாருங்கள். ஹால் பக்கம் படியும் தூசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காற்று வடிகட்டிகளை வாரம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். நம்ம பக்கம் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு இது இன்னும் முக்கியம். புழுதி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சூட்டை வெளியேற்றும் குழாய் மேற்குச் சுவரில் திறந்திருந்தால் வெளியே போக வேண்டிய அனல் எதிர்க்காற்றில் திரும்பி உள்ளே வரும். புரொஜக்டர் 'அதிகச் சூடு' என்று சொல்லி விளக்கை அணைத்துக்கொள்ளும். குழாய் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, காற்று திரும்பாதபடி மடிப்புத் தகடு வைத்தால் பிரச்சினை தீரும். வெயில் காலத்தில் மட்டும் சூடாகிறது என்றால் ஏசியைப் பாருங்கள். காற்றுக் காலத்தில் சூடாகிறது என்றால் குழாயைப் பாருங்கள்.

கரண்டு போனால்

வேலையில் சேர்ந்த முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: யூபிஎஸ்ஸில் எதெது இருக்கிறது? சர்வர், புரொஜக்டரின் எலக்ட்ரானிக்ஸ், மின்விசிறிகள், சவுண்ட் பிராசஸர் இவை கட்டாயம் இருக்க வேண்டும். விளக்குக்கான மும்முனை மின்சாரம் பெரும்பாலும் யூபிஎஸ்ஸில் இருக்காது. கரண்டு போனதும் விளக்கு அணையும், ஆனால் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விசிறியும் நின்றால் சூட்டில் பல்பின் ஆயுள் குறையும். வேலை முடிந்து அணைக்கும்போதும் அப்படித்தான்: விளக்கை அணைத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் விசிறி ஓடட்டும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மெயினை இறக்காதீர்கள்.

கரண்டு போன நிமிடத்தில் வரிசை இது. சர்வரில் படத்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் திரை இருட்டாக இருக்கக் கதை ஓடிக்கொண்டே இருக்கும். ஹாலில் பேட்டரி விளக்கு எரிகிறதா பாருங்கள். ஜெனரேட்டர் பிடித்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். அரை நிமிடம் விட்டு வோல்டேஜ் நிலைத்ததும் போடுங்கள். விளக்கு நிலைபெற்றதும், நின்ற இடத்திலிருந்து பத்து விநாடி பின்னால் போய் ஓட்டுங்கள்.

இதற்கிடையில் ஒருவர் ஹாலுக்குள் போய் நிற்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கூட்டத்தை இதுதான் காப்பாற்றும். இருட்டில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போதுதான் "ஏலே, படத்தப் போடுல" என்று சத்தம் கிளம்பும். "ஜெனரேட்டர் போட்டாச்சு அண்ணாச்சி, ரெண்டே நிமிசம்" என்று ஒருவர் டார்ச்சோடு வந்து சொல்லிவிட்டால் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை கால் மணி நேரம், ஏசி சுமையோடு ஓட்டிப் பாருங்கள். சும்மா ஓடவிட்டால் ஓடும், சுமை ஏற்றினால் திணறும். அது தெரிய வேண்டியது ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியில் அல்ல. ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர் என்றால் முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள்.

சவுண்டு

ஐந்து சேனலும் ஒரு சப்வூஃபரும்: திரைக்குப் பின்னால் இடது, நடு, வலது, சுவர்களில் இடது, வலது சரவுண்டு. திரையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருப்பது பின்னாலிருந்து சத்தம் வருவதற்குத்தான். வசனம் நடு ஸ்பீக்கரில் வரும். 'பாட்டு நல்லாக் கேக்கு, பேசுறது கேக்கல' என்று யாராவது சொன்னால் நடுச் சேனலின் ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள். தினம் முதல் காட்சிக்கு முன் ஒவ்வொரு சேனலாகச் சோதனை ஒலி விட்டு, ஹாலின் நடுவில் நின்று கேட்க வேண்டும். கேபினில் இருக்கும் மானிட்டரில் எல்லாம் நன்றாகத்தான் கேட்கும்.

சவுண்ட் பிராசஸரின் வால்யூமில் 7 என்பது, படத்தின் ஒலியைக் கலவை செய்தவர்கள் ஸ்டுடியோவில் கேட்ட அளவு. பல தியேட்டர்களில் அதற்குக் கீழேதான் வைக்கிறார்கள். காலி ஹாலில் வைத்த அளவு நிறைந்த ஹாலில் குறைவாகக் கேட்கும். மனித உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சும். அரைப் புள்ளி ஏற்றினால் சரியாகிவிடும். முதல் நாள் ரசிகர்கள் "சவுண்டக் கூட்டுங்க" என்று கேபின் கதவைத் தட்டுவார்கள். ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கினால் அதுதான் எல்லை. அதைத் தாண்டினால் ஸ்பீக்கரில் கீச்சொலியைத் தரும் டிரைவர் எரியும். அதன் பிறகு மாற்றும்வரை எல்லாப் படமும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும்.

எலி. இதை எழுதாமல் விட முடியாது. கேன்டீன் இருக்கும் கட்டடத்தில் எலி இருக்கும், எலிக்கு ஸ்பீக்கர் வயர் பிடிக்கும். வயர்களைக் குழாய்க்குள் விடுங்கள், கேபின் சுவர் ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். கேபினுக்குள் சாப்பாட்டுப் பொட்டலம் கூடாது.

ஹால், முதல் நாள் கூட்டம்

இரண்டு காட்சிகளுக்கு நடுவில் இருபது நிமிடம்தான் கிடைக்கும். மேல் வரிசையில் தொடங்கிக் கீழே இறங்கியபடி பெருக்கினால் ஒரே நடையில் முடியும். பெருக்கிக்கொண்டே மடங்காத இருக்கை, கழன்ற போல்ட், விட்டுப்போன போன், பர்ஸ் எல்லாம் பார்க்க வேண்டும். கிடைத்த பொருளை இருக்கை எண்ணோடு எழுதி மேனேஜரிடம் கொடுங்கள். ஏசியை முதல் காட்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட வேண்டும். கூட்டம் ஏறிய பிறகு போட்டால் இடைவேளை வரை குளிராது.

பெரிய நடிகர் படத்தின் முதல் நாளில் காகிதத் துண்டுகள் மூட்டை மூட்டையாகப் பறக்கும். அதைத் தடுக்க முடியாது, சமாளிக்கலாம். ஏசி காற்று திரும்பும் சல்லடைகளைக் காட்சி முடிந்ததும் பாருங்கள். காகிதம் அடைத்தால் குளிர் நின்றுவிடும். திரைக்கு முன்னால் ஆடுவார்கள். திரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் நான்கு அடியாவது தள்ளி ஒரு தடுப்பு வையுங்கள். திரை என்பது பிளாஸ்டிக் விரிப்பு. கைப்பிசுக்கு பட்டால் போகாது, கீறினால் தைக்க முடியாது. 3டிக்கான வெள்ளித் திரையைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது, மென்மையான பிரஷ் மட்டும்தான். சூடம், பட்டாசு இரண்டையும் கதவிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

வெளியேறும் கதவுகள் காட்சி நேரத்தில் பூட்டியிருக்கக் கூடாது. டிக்கெட் இல்லாமல் நுழைகிறார்கள் என்று கொண்டி போடுவது பழக்கமாக இருந்தால் அதை உங்கள் காலத்தில் நிறுத்துங்கள். 1997 ஜூன் 13 அன்று டில்லி உப்ஹார் தியேட்டரில் டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகையில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் இருந்தவர்களால் வெளியேற முடியாமல் வழி அடைபட்டிருந்தது. கதவுக்கு ஒரு ஆளை நிறுத்துங்கள், பூட்டை அல்ல. நடைபாதையில் கூடுதல் நாற்காலி போடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

போனில் படம் பிடிக்கிறவர்களைக் கவனிக்க, விளக்கு அணைந்து ஐந்து நிமிடம் கழித்துப் பின்வரிசையிலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும். ஓடும் படத்தில் எந்த சர்வர், எந்த நேரம் என்கிற கண்ணுக்குத் தெரியாத அடையாளம் பதிந்திருக்கும். திருட்டுப் பிரதி வெளியானால் எந்தத் தியேட்டர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் 2023 திருத்தப்படி இப்படிப் படம் பிடிப்பவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. தகராறு வேண்டாம். மேனேஜரைக் கூப்பிட்டு வெளியே அழைத்துப் பேசுங்கள்.

கேன்டீன்

பாப்கார்னில் கைவசப்பட வேண்டியது அளவும் நேரமும். மூன்று டம்ளர் சோளத்துக்கு அதே டம்ளரில் ஒரு டம்ளர் எண்ணெய். சட்டியை எட்டுப் பத்து நிமிடம் சூடேற்றிய பிறகுதான் சோளம் விழ வேண்டும். உப்பு, மசாலாப் பொடியை எண்ணெயோடு சட்டியிலேயே போடுங்கள், பொரிந்த பிறகு தூவினால் அடியில் தங்கும். ஒரு பாட்டம் மூன்று நிமிடம். வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே இரண்டு மூன்று விநாடி இடைவெளி விழுந்தால் கவிழ்த்துவிடுங்கள். பொரியாத சோளம் நிறையத் தங்கினால் மெஷினைத் திட்டுமுன் மூட்டையைப் பாருங்கள். சோளத்துக்குள் 13, 14 சதவீத ஈரம் இருந்தால்தான் வெடிக்கும். திறந்து கிடந்த மூட்டையில் ஈரம் போயிருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் மாற்றி வையுங்கள். இடைவேளைக்கு நாற்பது நிமிடம் முன்பே முதல் பாட்டத்தைத் தொடங்குங்கள்.

இடைவேளை நேரத்தை ஆப்பரேட்டரிடம் கேட்டு எழுதி ஒட்டுங்கள். டீ, பப்ஸ், சோடா மூன்றுக்கும் தனித்தனிக் கை இருந்தால்தான் பதினைந்து நிமிடத்தில் கூட்டம் கலையும். சில்லறையை முந்தின நாளே கட்டிவையுங்கள்.

டிசிஆர்

கவுண்டரில் இருப்பவரின் தலையாய வேலை தினசரி வசூல் அறிக்கை. டிசிஆர் என்பார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் தொடக்க டிக்கெட் எண், முடிவு எண், விற்றது, வரி, வரி போக நிற்கும் தொகை. விநியோகஸ்தரின் ரெப், அதாவது பிரதிநிதி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். விநியோகஸ்தருக்குப் போகும் பங்கு இந்தத் தாளில்தான் நிற்கிறது. மாலைக் காட்சியின் தொடக்க எண் மதியக் காட்சியின் முடிவு எண்ணுக்கு அடுத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்போதே தேடுங்கள், இரவில் கிடைக்காது. நூறு ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. இன்டர்நெட் அறுந்தால் ஆன்லைனில் விற்ற இருக்கையையே கவுண்டரிலும் விற்றுவிடும் அபாயம் உண்டு. காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆன்லைன் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன்

ஐப்பசி பிறக்குமுன் செய்ய வேண்டியவை. ஆம்ப்ளிஃபயர் ரேக், யூபிஎஸ் பேட்டரி, மின் பலகை இவை தரையோடு இருந்தால் இரண்டடியாவது உயர்த்துங்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் சப்வூஃபர்களையும் மேடைமேல் ஏற்றுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பொங்கி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றதை ஊரே பார்த்தது. ஹாலின் தரை திரையை நோக்கிச் சரிந்திருப்பதால் உள்ளே வரும் தண்ணீர் முதலில் ஸ்பீக்கர்களிடம்தான் போய் நிற்கும். கூரைத் தகடுகளின் இணைப்பு, ஏசி குழாய் நுழையும் ஓட்டை, கேபினின் அனல் குழாய் வாய் மூன்றையும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். தண்ணீர் புகுந்த ஆம்ப்ளிஃபயரை 'ஓடுதா பாப்போம்' என்று போட்டுப் பார்க்காதீர்கள். மெயினை இறக்கி, கழற்றி, முழுக்கக் காயவைத்து, டெக்னீஷியன் பார்த்த பிறகே கரண்டு கொடுக்க வேண்டும்.